லேஞ்சியில் வேங்கைச் சிவப்பு

முதலில் சிவந்தது நான் மூக்குத் துடைக்கிற லேஞ்சிதான். வேலை முடிந்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் நின்று மூக்கைச் சிந்தினேன். துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று. "வேங்கை" என்று நினைத்துக்கொண்டு அலசிப் பிழிந்து தோளில் போட்டேன். அந்த வாரம் முழுவதும் வேங்கை மரம்தான் கடைந்துகொண்டிருந்தேன். வேங்கைத் தூளில் ஈரம் பட்டால் சிவக்கும். கடைசல்காரன் எவனும் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைக்கமாட்டான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது மரத்தூளில் வேலை செய்கிறவராக இருக்கலாம். அல்லது வீட்டில் ஒருவருக்கு மூக்குக்குள் கட்டி என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தைரியமாக இருங்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுத எனக்கு வராது. எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் இன்னும் ஆத்திரம் இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் கடைந்தது போத்தல் மூடிகள். வெளிநாட்டுக்காரர்கள் வைன் போத்தலைத் திறந்து பாதி குடித்துவிட்டு, மீதியை மூடிவைக்க வாங்கிப் போகிற அலங்கார மூடி. கீழே தக்கை, மேலே உள்ளங்கைக்குள் அடங்குகிற மரக் குமிழ். தாமரை மொட்டு, பம்பரம், கும்பம், மணி என்று எது கேட்டாலும் கடைவேன். மணியைக் கொஞ்சம் உயரமாகக் கடைந்தால் மட்டும் முதலாளி ஓடிவருவார். "அண்ணே, புத்தர் கோயில் தாகபை மாதிரி இருக்கு. குடிக்கிற போத்தலுக்கு மேல தாகபைய வச்சா நம்மள உசிரோட விடுவானுங்களா? கழுத்துல ஒரு வளையம் போட்டுருங்க" என்பார். வளையம் போட்டால் அது மறுபடி மணியாகிவிடும். எந்தச் சாமிக்கும் கோபம் வராது.

எங்கள் பட்டறையும் கடையும் அம்பிட்டிய போகிற பாதையில் ஒரு வளைவில் இருந்தன. மேசை, கட்டில் என்று தளபாடம் செய்கிற இடங்களில் மிஞ்சும் துண்டு மரங்கள் எங்களுக்கு வரும். பலா, நதுன், முதிரை, வேங்கை. எப்போதாவது யாராவது உடைத்த பழைய கட்டிலின் கருங்காலிக் கால். மாலையில் எல்லோரும் குழாயடியில் வரிசையாக நின்று மூக்கைச் சிந்துவோம். யார் அன்றைக்கு எந்த மரம் கடைந்தான் என்று லேஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலா என்றால் மஞ்சள், கருங்காலி என்றால் கறுப்பு. அதை வைத்துச் சிரிப்பும் கேலியும் நடக்கும். லேஞ்சி வெள்ளையாக இருந்தால் அவன் அன்றைக்கு வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

என்னைக் கடையின் முன்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அது முதலாளியின் யோசனை. வேனில் வந்து இறங்குகிறவர்கள் நான் கடைவதைப் பார்க்க வேண்டும். அதே நேரம் சீவலும் தூளும் அவர்கள் மேல் படக்கூடாது. ஆகவே என்னையும் இயந்திரத்தையும் உள்ளே வைத்து நான்கு பக்கமும் கண்ணாடி அடித்தார்கள். தூள் முழுவதும் என்னோடுதான் இருக்கும். கண்ணாடி மங்கினால் படம் பிடிக்கிறவர்களுக்குத் தெரியாதே என்று அடிக்கடி வந்து துடைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னாண்ணே, கொள்ளைக்காரன் மாதிரி? சிரிச்ச முகமா இருங்க" என்றார் முதலாளி. அவிழ்த்துவிட்டேன். இத்தனை பேரில் என்னைத்தானே தேர்ந்தெடுத்து முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையில் மண் விழ!

சிவப்புக்கு அடுத்து வாசனை போனது. தேத்தண்ணீர் வெறும் சுடுதண்ணீராக இருந்தது. ஒருநாள் என் மனைவி பவானி கிணற்றடியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "பருப்பு அடிப்பிடிச்சு வீடு பூராவும் நாறுது. நீங்க சட்டமா கதிரையில இருந்து பேப்பர் படிக்கிறீங்க! மூக்கு என்னா வாடகைக்கா குடுத்திருக்கீங்க?"

"தடிமன்" என்றேன்.

அந்தச் சளித் தடிமன் போகவே இல்லை. இடது மூக்கு அடைத்துக்கொண்டது. இடது கண்ணில் சும்மாவே நீர் வடிந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: உடம்புச் சூடு. செவ்விளநீர் குடித்தேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். சனிக்கிழமைகளில் பவானி தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து மண்டையே வழுவழுவென்று ஆகிவிட்டது. பக்கத்து மருந்தகத்தில் மூக்குக்கு விடச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதையும் விட்டேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

முதலில் சந்தேகப்பட்டவன் ராஜு. பவானியின் தம்பி, எங்கள் பட்டறையில்தான் அவனும் கடைசல். குழாயடியில் என் லேஞ்சியை எட்டிப் பார்த்தான்.

"மச்சான், நீங்க இன்னிக்கி மலைவேம்புதானே கடைஞ்சீங்க? இது என்னா செவப்பு?"

மலைவேம்பு வெளிறிய மரம். அதில் சிவக்க ஒன்றுமே இல்லை. லேஞ்சியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பழைய வேங்கைத் தூள் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும்டா" என்றேன். அவனும் சரி என்று விட்டுவிட்டான். மரத்தூளைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அது எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடியைத் தட்டி, தன் மூக்கைத் தன் விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். கை முழுவதும் ரத்தம். கடைந்துகொண்டிருந்த தாமரை மொட்டின் மேல் சொட்டிய ரத்தம், மொட்டு சுழன்ற வேகத்தில் கண்ணாடியெங்கும் சிதறியிருந்தது. முதலாளி ஓடிவந்து முதலில் திரையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

அன்றைக்கே பவானி என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே என்னைப் பார்த்தது ஒரு சின்ன வயது டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குழாயின் நுனியில் கமரா இருக்கிறது. பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ன வேலை செய்யிறனீங்கள், ஐயா?"

"மரக் கடைசல், டொக்டர்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணத்துக்கு முன்னாலருந்து."

"தூசிக்கு ஏதும் போடுறனீங்களோ?"

"கண்ணாடி இருக்கு, டொக்டர். சுத்திவர."

"நீங்கள் கண்ணாடிக்கு உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"உள்ள" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

பயாப்ஸி (சதையில் சிறு துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். சி.டி. ஸ்கேன் (உடலை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். முடிவு வருகிறவரை, அது வராமலே இருந்துவிடாதா என்றும் இருந்தது, இன்றைக்கே வந்து தொலையாதா என்றும் இருந்தது. வந்தது. எத்மொயிட் புற்றுநோய். எத்மொயிட் என்பது இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்கின் கூரைப் பக்கம் தேன்கூடு போல இருக்கிற சின்னச் சின்ன எலும்பறைகள். கடினமான மரங்களின் தூளை நெடுங்காலம் சுவாசிக்கிறவர்களுக்கு இது வருகிறதாம். தூள் அங்கே போய்த் தங்குகிறதாம்.

"எல்லாரும்தானே தூள் குடிக்கிறாங்க, டொக்டர். எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பதில் கிடைக்காது.

"அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை, ஐயா" என்றார் அவர். பொய் சொல்லாமல் விட்டாரே, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. கட்டி இடது கண்ணின் குழியை ஒட்டி நிற்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் கடதாசி போல ஒரு எலும்பு இருக்கிறதாம். அதைக் கட்டி துளைத்துவிட்டதா என்பது படத்தில் தெளிவில்லை. "ஒப்பரேஷனில கண்ணை விட்டுவைக்கத்தான் பெரிய டொக்டர் பாப்பார். ஆனா உள்ளுக்குப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். பரவியிருந்தா கண்ணையும் சேத்து எடுக்க வேண்டி வரும். அதுக்கு நீங்கள் முதலே சம்மதிக்கோணும்."

நான் முடியாது என்றேன்.

கடைசல்காரனுக்குக் கண் இரண்டும் வேண்டும். சுழல்கிற மரம் எங்கே முடிகிறது, உளியின் முனை எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் சொல்லும். ஒரு மயிரிழை உள்ளே போனால் உளி கவ்விக்கொள்ளும். மரம் பிய்ந்து முகத்தில் அடிக்கும். எனக்கு வேறு வேலை தெரியாது. படிப்பு கிடையாது, நிலம் கிடையாது. கண்ணை எடுத்துவிட்டு உயிரை மட்டும் கையில் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அப்படித்தான் நினைத்தேன். இதில் கொஞ்சமும் நடிப்பில்லை.

என்னை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். வாட்டில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பவானி இரண்டு நாள் கெஞ்சினாள். நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் கௌரி வந்து அழுதாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பவானி கெஞ்சவில்லை.

"இங்க பாருங்க. ஒத்தக் கண்ணோட நீங்க இருந்தா நான் குடும்பம் நடத்திக்குவேன். மால போட்ட படத்தோட என்னால நடத்த முடியாது. சம்மதம்னு சொல்றீங்களா, இல்ல நான் இப்பவே பஸ் ஏறிப் போகவா?"

அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். சம்மதம் என்று சொன்னேன். மனசோடு சொல்லவில்லை. அவள் வாயை அடைக்கச் சொன்னேன்.

ஒப்பரேஷன் முடிந்து விழித்தபோது முகம் முழுவதும் கட்டு. கண் என்ன ஆயிற்று என்று கேட்கப் பயமாக இருந்தது. பவானி என் கையைப் பிடித்திருந்தாள், பேசவில்லை. ஓயாமல் பேசுகிற பொம்பளை பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? கட்டுக்குள்ளேயே அழுதேன். எடுத்த கண்ணும் அழுகிற மாதிரியே இருந்தது. அது இப்போதும் எப்போதாவது நடக்கிறது. இல்லாத கண்ணில் தூசி விழுந்து உறுத்துகிறது. கை போய்த் தேய்க்கப் பார்க்கிறது.

அதற்குப் பிறகு ரேடியோதெரபி (கதிர் பாய்ச்சி, மிஞ்சியிருக்கக்கூடிய நோய் அணுக்களைக் கொல்வது). முகத்தின் அளவுக்கே ஒரு வலைமூடி செய்து, அசையாமல் மேசையோடு பூட்டுவார்கள். வலிக்காது என்றார்கள். பாய்ச்சும்போது உண்மையில் வலிக்காது. வாரங்கள் போகப் போகத்தான் வாய் வெந்து, எச்சில் வற்றி, கஞ்சிகூட முள்ளாக இறங்கும். உங்களுக்கும் இது வரும் என்றால், ஆறின பாற்கஞ்சியும் பொறுமையான ஒரு ஆளும் வேண்டும். எனக்குக் கஞ்சி இருந்தது, பவானியும் இருந்தாள். பொறுமை இரண்டு பேருக்கும் இல்லை. கோப்பையை நான் தட்டிவிட்டதும் உண்டு, அவள் மீதியை என் சட்டையில் கொட்டிவிட்டு எழுந்து போனதும் உண்டு.

மூக்கைத் தினமும் உப்புத்தண்ணீரால் கழுவ வேண்டும். உள்ளே பொருக்குத் தட்டும்; கழுவாவிட்டால் அழுகல் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான். வாசனை அறிகிற நரம்புகளையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். "அது திரும்பி வராது, ஐயா" என்று அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கண்ணைப் பற்றிய கவலையில் அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை.

உடம்பு தேறியதும் பட்டறைக்குப் போனேன். பவானி வேண்டாம் என்றுதான் சொன்னாள். கறுப்புத் துணியால் இடது கண்ணின் குழியை மூடிக்கொண்டு, இன்னொரு துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நுழைந்தேன். ஒரு பலாத் துண்டை மாட்டினேன். உளியைக் கொண்டுபோனேன். மரம் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது உளி போய்க் கவ்விவிட்டது. துண்டு பிய்ந்து கண்ணாடியில் மோதி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான் மாட்டவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓய்ந்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "அண்ணே, நீங்க எங்கேயும் போக வேணாம். பின்னால இருந்து சாண்ட் பேப்பர் போடுங்க."

கடைவதைவிட அதிகம் தூள் பறக்கிறது சாண்ட் பேப்பர் போடுகிற வேலையில்தான். "தூசி ஆகாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காங்களே" என்றேன்.

அவர் யோசித்தார். "கடையில நிக்கலாந்தான். ஆனா வர்றவங்க..." என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பாக்கியை அவர் சொல்லத் தேவையில்லை. அத்தனை வருடம் சிரித்த முகமாக இருக்கச் சொன்ன மனுஷன். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கும்பிட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

கண்ணாடி அறைக்கு இப்போது ராஜு. என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனான். போகாதே என்று சொன்னேன், போவதானால் மூக்கைக் கட்டிக்கொண்டு போ என்று சொன்னேன்.

"மொதலாளி விடமாட்டாரு, மச்சான். அதோட இது எல்லாருக்குமா வருது? ஒங்களுக்கு விதி."

பவானி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "விதியாம் விதி! ஒங்க மச்சான் மூஞ்சியப் பாத்துட்டுமாடா பேசுற? நாளைக்கி ஒம் பொண்டாட்டியும் கஞ்சி வச்சிக்கிட்டு அழணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணீரைக் குடித்து முடித்தான். மறுநாள் வேலைக்குப் போனான். கடைப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், சிரித்த முகமாகத்தான் இருக்கிறானாம்.

நோய் திரும்பி வரவில்லை என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறார்கள். அடுத்த கிளினிக் வரைக்கும்தான் அந்தப் பேச்சு. அதற்கு அப்பால் இருக்கிற பொங்கலையோ தீபாவளியையோ நான் நினைப்பதில்லை. இடப்பக்கம் இருந்து வருகிறவர்கள் எனக்குத் திடீரென்று முளைக்கிறார்கள். கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைக்கிறேன். படி இறங்கும்போது காலால் தேடித்தான் படியைக் கண்டுபிடிக்கிறேன். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தொட்ட பிறகுதான் தெரிகிறது.

போன மாதம் கௌரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நானும் பவானியும் ரயிலேறி நாவலப்பிட்டிக்குப் போனோம். வீடு நிறையச் சம்பந்திமார் ஆட்கள். பெண்கள் ஆளுக்கு ஆள் பிள்ளையைத் தூக்கி உச்சியை மோந்துவிட்டு, கண் சொக்கி நின்றார்கள். கௌரி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"உச்சி மோந்து பாருங்கப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முகம் செத்துப்போயிற்று. நான் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்தேன். தலை எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று தெரியவில்லை. என் மூக்கு போய் உச்சியில் இடித்து, பிள்ளை வீறிட்டு அழுதது. "நல்ல வாசம்" என்றேன். பவானி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவளிடம் கேட்டேன். "புள்ள என்னா வாசம் அடிச்சிச்சி?"

"புள்ள வாசந்தான்."

"அதான் என்னா வாசம்னு கேக்குறேன்."

அவள் யோசித்தாள். வெளியே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பால் மாதிரி... இல்ல. பாலும் இல்ல. சொல்லத் தெரியலங்க" என்றாள்.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. எதற்கெல்லாமோ வாய் இருக்கிறது, இதைச் சொல்ல மட்டும் இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கிளினிக்குக்குக் கிளினிக் என்று உயிரை எண்ணி வாங்கிக்கொண்டிருக்கிற காலத்தில், ஏறக்குறைய வழி முழுவதும், ரயில் பேராதனைக்கு வரும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.